ஐந்து வாரமாக உன் பெயரைக் காணோம்

அன்புள்ள கதிர்,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிக்குப் புது டாக்டர் ஒருவரைப் பார்க்கிறோம். மாடிப்படி ஏறக்கூடாது என்கிறார். மாடியில் வடகம் காயும்போது அவள் யார் பேச்சைக் கேட்டாள்? போர் மோட்டாரை மாற்றியாகிவிட்டது. சித்தப்பா வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது, எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். போனில் பேசும்போது நினைத்ததைச் சொல்ல வரவில்லை. "வேலை அதிகம்ப்பா" என்றாய், சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காலையில் காபியை வைத்துக்கொண்டு உங்கள் ப்ராஜெக்டில் யார் எந்த மாற்றத்தைச் சேர்த்தார்கள் என்று காட்டும் கமிட் பட்டியலைப் பார்ப்பது என் வழக்கம். நீ ஜெர்மனி போன மாதத்திலிருந்து பார்க்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. உன் பெயர் இருந்தால், பிள்ளை எழுந்து வேலை பார்த்திருக்கிறான் என்று ஒரு நிம்மதி. வேறு யாரோ எழுதியதை நீ ரிவ்யூ செய்ததாக ஒரு வரி இருந்தால்கூடப் போதும். ஐந்து வாரமாக இரண்டும் இல்லை. முதல் வாரம் லீவு என்று நினைத்தேன். அடுத்த வாரம் உடம்புக்கு ஏதோ என்று பயந்தேன். அப்புறம் உட்கார்ந்து பழையதையெல்லாம் பின்னோக்கிப் படித்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிர்காலத்தில் அறைக்குள்ளேயே கிடக்காதே. எதையும் எழுதியவுடன் அனுப்பிவிடாதே. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒரு முறை படித்துப் பார்த்து அனுப்பு.

2018 செப்டம்பரில் நீ லீவில் வந்திருந்தாய். அந்த வாரம்தான் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டு எழுதினார். மெயிலில் ஆட்களைத் தாக்கி எழுதியது தவறு, மற்றவர்களின் மனதைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போகிறேன் என்று எழுதிவிட்டு, லினக்ஸின் அடிப்படைப் பகுதியான கெர்னலின் 4.19 பதிப்பை முடித்து வெளியிடும் பொறுப்பை கிரெக் குரோவா-ஹார்ட்மனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கெர்னலில் 2015 முதல் இருந்த பழைய 'மோதல் விதி' போய், கோரலைன் அடா எம்கி 2014இல் எழுதிய பங்களிப்பாளர் உடன்படிக்கையை ஒட்டிய நடத்தை விதிகள் வந்ததும் அப்போதுதான். நீ பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னாய்: "இனிமே கோடிங்கைப் பார்க்க மாட்டாங்கப்பா, ஆளைத்தான் பார்ப்பாங்க." நான் ஆமாம் என்றேன். தகுதிக்கும் திறமைக்கும் மட்டுமே மதிப்புள்ள இடம் என்று ஒன்று இருந்தது, அதையும் கெடுக்கிறார்கள் என்றேன்.

அந்த இரண்டு சொற்கள் என் வாயிலிருந்து எப்படி வந்தன என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சை அடைக்கிறது. தகுதி, திறமை. உன் தாத்தாவிடம் அந்த ஹெட்மாஸ்டர் சொன்னதும் இதே சொற்கள்தான். அன்று தாத்தா சைக்கிளில் ஏறவில்லை, நாலு கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே வந்தார். மீதி உனக்குத் தெரியும். எனக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததற்கு இட ஒதுக்கீடுதான் காரணம், அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. உள்ளே போன பிறகு எடுத்த மதிப்பெண் நான் எடுத்தது. கதவைத் திறந்துவிட்டதால் பாடம் எளிதாகிவிடவில்லை. இது தெரிந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் நாம் இருவரும் அன்று அப்படிப் பேசினோம்.

பெண்களை யார் தடுத்தார்கள், ஆர்வம் இருந்தால் வரவேண்டியதுதானே என்றும் கேட்டாய். நீ ஊருக்குப் போன பிறகு தேடிப் படித்தேன். 2006இல் மாணவர்களுக்கான கூகுளின் கோடைக்காலத் திட்டத்துக்காக க்னோம் என்ற கட்டற்ற மென்பொருள் குழுவுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒரு பெண்கூட இல்லை. ஆர்வம் இல்லை என்று அவர்களும் விட்டிருக்கலாம். விடாமல், பெண்களுக்கென்றே தனியாக ஒரு கோடைத் திட்டம் அறிவித்தார்கள். அதே கோடையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள், ஆறு பேரை எடுத்தார்கள். அதே படிப்பு, அதே வேலை. 'உன்னைத்தான் கூப்பிடுகிறோம்' என்று ஒரு வரி சேர்ந்தது, அவ்வளவுதான். அந்த வருடத்து ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், தனியார் மென்பொருள் துறையில் பெண்கள் 28 விழுக்காடு, கட்டற்ற மென்பொருளில் 1.5 விழுக்காடு. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லும் நம் இடத்தில் 1.5, நேர்காணல் வைத்துக் கதவடைக்கும் கம்பெனிகளில் 28. வாத்தியாராக இருந்தவன் நான், இந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

அந்தக் கோடைத் திட்டத்தின் தொடர்ச்சிதான் இன்றைய அவுட்ரீச்சி. உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, 2020இல் நீயே அதில் ஒரு பெண்ணுக்கு வழிகாட்டியாக இருந்தாய். உன் பொறுமையைப் பற்றி அந்தப் பெண் எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். அந்தக் கதிரைத்தான் நான் தேடுகிறேன். 2012இல் நீ எழுதிய முதல் திருத்தம், உன் முதல் பேட்ச், கெர்னலில் ஏறிய அன்று அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவேன். அவ்வளவு பெரிய இடத்தில் பிள்ளை இருக்கிறான் என்று எனக்குப் பெருமை. பெரிய இடத்தில் இருப்பவன் பேச்சை எவ்வளவு பேர் படிப்பார்கள் என்று நீ நினைத்துப் பார்க்க வேண்டாமா?

லைனஸின் கெர்னலில் யூஎஸ்பி 3.0 கருவிகளை இயக்கும் டிரைவரை எழுதியவர் சேஜ் ஷார்ப். 2013இல் மெயிலில் ஆட்களைத் திட்டிப் பேசவேண்டாம் என்று லைனஸிடம் எல்லோர் முன்னாலும் சொன்னவரும் அவர்தான். 2015இல், இனி கெர்னல் வேலை செய்வதில்லை என்று எழுதிவிட்டுப் போனார். தாங்குகிறவர்தான் இங்கே நிற்க முடியும் என்று நீ சொல்வாய். தாங்குவது தனித் திறமை, டிரைவர் எழுதுவது தனித் திறமை. முதலாவதற்குப் பரீட்சை வைத்து இரண்டாவதற்கு ஆள் எடுத்தோம்.

இதையெல்லாம் சொல்வதால், விதியைக் கையில் வைத்திருப்பவர்கள் தவறே செய்யமாட்டார்கள் என்று அர்த்தமில்லை. நான் சங்கத்தில் இருந்தவன். விசாரணை இல்லாமல் தண்டனை கூடாது என்று வெயிலில் கொடி பிடித்தவன். 2024இல் பைத்தான் மொழியின் மூத்த பங்களிப்பாளர் ஒருவரை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். எந்த வரிக்காக, யார் தீர்மானித்தது என்று பலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். அதே வருடம் நவம்பரில், சக பராமரிப்பாளர் ஒருவரைக் கடுமையாகப் பேசியதற்காக, ஒரு கோப்பு முறைமையைப் பராமரிப்பவரின் கோடிங்கை 6.13 பதிப்புக்கான சுற்றில் எடுப்பதில்லை என்று கெர்னலில் முடிவு செய்தார்கள். நல்ல கோடிங் ஒரு சுற்று முழுக்க வெளியே நின்றால் அதைப் பயன்படுத்துகிறவனுக்குத்தானே நட்டம் என்று நீ கேட்பாய். அதுவும் உண்மை. ஒருவரை நிறுத்திவைத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும், எப்போது திரும்பலாம் என்று தேதி வேண்டும். உனக்கு அப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுத்தில் கேள். தயங்காதே. ஆனால் கேட்பதற்கு முன்னால் நீ எழுதியதை வேறு யாரோ எழுதியது போல ஒரு தடவை படி. தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி.

சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை, கதிர்.

2003, ரெட் ஹாட் லினக்ஸ் 9 வந்த வருடம். நம் லினக்ஸ் குழுவின் சனிக்கிழமைக் கூட்டம். மூன்று சிடிக்களையும் எழுதி அடுக்கி நீதான் தூக்கிக்கொண்டு வருவாய். உனக்கு 11 வயது. விருதுநகரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், காலேஜ் இரண்டாம் வருடம் இருக்கும். அறையில் இருபத்தைந்து ஆண்கள், அவள் ஒருத்தி. கேள்வி நேரத்தில் எழுந்தாள். இன்டர்னல் மோடத்தை லினக்ஸ் கண்டுகொள்ளவில்லை, போன் லைன் போட்டும் இன்டர்நெட்டுக்குப் போக முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டாள். எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டிய கருவிப் பட்டியலை முழுக்க நோட்டுத்தாளில் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு எண்ணும் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

நான் அந்தத் தாளை வாங்கவில்லை. "இது கோலப்புத்தகம் பார்த்துப் புள்ளி வைக்கிற வேலை இல்லைம்மா. மொதல்ல மேனுவலைப் படிச்சிட்டு வா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கூட்டம் முடியும்வரைகூட உட்காரவில்லை. அடுத்த மாதம் வரவில்லை, அதற்கு அடுத்த மாதமும் இல்லை. பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அவளுடையது வின்மோடம். பாதி வேலையை விண்டோஸ் டிரைவரிடம் விட்டுவிடும் வகை. அன்று அதற்கு ஒழுங்கான தீர்வு என்னிடம் இல்லை. எந்த மேனுவலிலும் நான் படித்திருக்கவில்லை. பதில் தெரியாது என்பதை இருபத்தைந்து பேர் முன்னால் சொல்ல முடியாமல்தான் அந்தப் பிள்ளையைக் கேலி செய்தேன். இதை உன் அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

28 வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன், ஒரு பெண்பிள்ளையையும் அப்படிப் பேசியதில்லை. ஏன் என்று யோசித்தேன். என் நல்ல குணம் காரணமில்லை. வகுப்பில் விதி இருந்தது, புகார் கொடுக்க பிரின்சிபால் இருந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் இல்லை. அங்கே நான்தான் பெரியவன். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தால், யாராவது ஒருவர் 'சார், இது சரியில்லை' என்று சொல்லலாம் என்றிருந்தால், நான் வாயை அடக்கியிருப்பேன். அந்தத் தாளையும் வாங்கிப் பார்த்திருப்பேன்.

2023இல் டெபியன் லினக்ஸ்காரர்களின் மாநாடான டெப்கான்ஃப் கொச்சியில் நடந்தபோது இரண்டு நாள் உன்னோடு வந்தேனே. நீ உன் நண்பர்களை எனக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தாய். நான் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மறந்துபோயிருக்கிறது, பார்த்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. ஆனாலும் பார்த்தேன்.

இன்னொன்று. அன்று எல்லோரும் சிரித்தபோது நீயும் சிரித்தாய். அப்பா சொன்னதால் சிரித்தாய். வரும் வழியில் பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டினாய், நான் ரசித்தேன். ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்தப் புதுப் பிள்ளையின் பேட்ச்சுக்குக் கீழே நீ எழுதியிருந்த பதிலில் கோலம் இல்லை, பாஷையும் வேறு. ஆனால் வாக்கியம் என்னுடையது. படித்தவுடன் தெரிந்துகொண்டேன்.

ஆமாம், படித்தேன். அந்தப் பிள்ளை அதற்குப் பதில் எழுதவில்லை. வேறு யாரும் உன்னை அங்கே தடுத்துச் சொல்லவும் இல்லை. அப்புறம் என்ன நடந்தது என்று நீ எனக்குச் சொல்லவேண்டாம், சொன்னால் கேட்டுக்கொள்வேன். உன்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தது, முதல் இரண்டு நாள்.

பேட்ச்சையும் படித்தேன். நீ சொன்ன பிழை உண்மையானது. மூன்றாவது ஃபங்ஷனில் பிழை வந்தால் பூட்டை விடுவிக்காமலே வெளியேறுகிற வழி ஒன்று இருக்கிறது. அதை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். மற்றபடி வேலை சுத்தமாக இருக்கிறது, சோதனைகளைக்கூடச் சேர்த்திருக்கிறது அந்தப் பிள்ளை. நேற்றுவரை அது யாரும் தொடாமல் அப்படியே திறந்திருந்தது. உன்னால் இப்போது அங்கே எழுத முடியாது என்றால், எழுத முடிகிற இன்னொருவரைக் கேட்டுப் பார்க்கச் சொல். அந்தப் பிள்ளைக்குத் தனியாக எழுதவேண்டும் என்று தோன்றினால், அது சரியா என்று முதலில் நடத்தை விதிக் குழுவிடம் கேட்டுக்கொள். நாமாகப் போய் வாசல் தட்டுவது அந்தப் பக்கத்தில் இன்னொரு பயமாக இருக்கலாம்.

அம்மா பருப்புப்பொடியும் வடகமும் கட்டி வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை பார்சல் போடுகிறேன், பழைய வீட்டு விலாசம்தானே? ஞாயிற்றுக்கிழமை உனக்கு மத்தியானம் இருக்கும்போது கூப்பிடு. அம்மா சாயங்காலம் கோயிலுக்குப் போய்விடுவாள், நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா