வாட்டர்லூ பாலம் வழியாக வேலைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள செல்லத்துக்கு,

அம்மா எழுதுவது. இங்கே திருநெல்வேலியில் அப்பாவும் நானும் நலம். எல்லாவற்றையும் போனில்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. பாதி சொல்வதற்குள் உனக்குப் பஸ் வந்துவிடும்.

லண்டனில் உன் புது ஆபீசுக்கு இனி தினமும் வாட்டர்லூ பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று சொன்னாய். "நம்ம சுலோச்சன முதலியார் பாலத்தை இதைப் பார்த்துதானேம்மா கட்டினாங்க?" என்றும் கேட்டாய். சின்ன வயதில் கேட்டதை நினைவில் வைத்திருக்கிறாயே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நீ நடக்கிற பாலம் அது இல்லை. நம் ஊர்ப் பாலத்துக்கு மாதிரியாக இருந்தது அதற்கு முந்தைய வாட்டர்லூ பாலம். ஜான் ரென்னி வடிவமைத்தது, ஒன்பது வளைவுகள், கருங்கல் கட்டுமானம். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் இரண்டாவது ஆண்டு நினைவு நாளில், 1817 ஜூன் மாதம் திறந்தார்கள். ஒரு கம்பெனி பணம் போட்டுக் கட்டி, கடக்கிறவர்களிடம் சுங்கம் வாங்கிய பாலம் அது. மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் பனிமூட்டத்தில் அதைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். 1830களில் கொஞ்சம் தள்ளி இருந்த பழைய லண்டன் பாலத்தை இடித்தபோது தேம்ஸ் ஆற்றின் வேகம் கூடி, வாட்டர்லூ பாலத்துத் தூண்களின் அடிமண்ணை அரித்துவிட்டது. 1920களில் தூண் இறங்க ஆரம்பித்தது. 1930களில் பாலத்தையே இடித்துவிட்டார்கள்.

அதைப் பார்த்துக் கட்டிய நம் பாலம் தாமிரபரணியில் இன்னும் நிற்கிறது. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியும், இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது.

அந்தப் பாலம் வருவதற்கு முன்னால் நம் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று நீ யோசித்துப் பார்த்திருக்கிறாயா? டவுனும் ஜங்ஷன் பகுதியும் இக்கரை, கொக்கிரகுளமும் வண்ணார்பேட்டையும் பாளையங்கோட்டையும் அக்கரை. நடுவில் வற்றாத ஆறு. கோடையில் கொஞ்சம் இறங்கிப் போகலாம். ஜூனில் பொதிகையில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் ஒரு வெள்ளம், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழைக்கு இன்னொரு வெள்ளம். படகு ஒன்றுதான் வழி. படகுத் துறையில் யார் முதலில் ஏறுவது என்று அடிதடி, திருட்டு. 1840-ல் துறையில் நடந்த கலவரத்தில் நான்கு உயிர் போனது. அதற்குப் பிறகுதான் கலெக்டர் இ. பி. தாம்ஸன் பாலம் கட்டியே ஆக வேண்டும் என்று கூட்டம் போட்டார். கேப்டன் ஹார்ஸ்லி வரைபடம் போட்டார். பதினொரு வளைவுகள், 760 அடி நீளம், அரை லட்சம் ரூபாய் செலவு. அந்தக் காலத்து அரை லட்சம்! ஊரில் பணம் திரட்டித்தான் கட்டுவது என்று முடிவானது. திரட்டும் பொறுப்பு கலெக்டர் அலுவலகச் சிரஸ்தார் (தலைமை எழுத்தர்) சுலோச்சன முதலியாரிடம் வந்தது.

அவர் வீட்டுக்கு வந்து யோசித்தார். யார் யாரிடம் போய் நிற்பது? வெள்ளைக்கார அதிகாரியின் ஆள் வசூலுக்கு வந்தால் கொடுக்கிறவன் மனசார கொடுப்பானா, பயந்து கொடுப்பானா? முழுச் செலவையும் தானே ஏற்பது என்று தீர்மானித்தார். இந்த இடத்தில் நம் ஊர் ஒரு கதை சொல்லும். அவர் மனைவி வடிவாம்பாள் தன் நகைகளைக் கழற்றி, பாலத்துக்கு முதல் கொடையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தாராம். 1843 நவம்பர் 27-ம் தேதி பாலம் திறந்தார்கள்.

உன் ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது முதலியாரைச் சீக்கிரம் தாண்டிவிட்டு வடிவாம்பாளிடம் வந்து நின்றுவிடுவாள். எந்த நகையை முதலில் கழற்றியிருப்பாள், கழுத்தில் தாலியைத் தவிர என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று பேசிக்கொண்டே போவாள். அப்போது எனக்கு அது ஆச்சியின் நகைப் பேச்சாகத்தான் பட்டது. இப்போது அவள் நின்ற இடம் சரியான இடம் என்று தோன்றுகிறது. பாலத்துக்குக் கணவர் பெயர் இருக்கிறது. வரைந்தவர் பெயரும் கலெக்டர் பெயரும் புத்தகத்தில் இருக்கின்றன. வடிவாம்பாள் பெயர் வாய்க்கதையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வகுப்பில் பாலத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் பெயரையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுத்தான் நடத்துவேன்.

நான் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் காலேஜ் போனேன். மீனாட்சிபுரத்திலிருந்து ஜங்ஷனுக்கு நடந்து வந்து, பாளை பஸ் ஏறி, சாரா டக்கர் கல்லூரி. 1895-ல் தொடங்கியது. இங்கிலாந்துப் பெண்மணி ஒருவர் பெயரில் நடக்கும் கல்லூரி என்பது உனக்கும் தெரியும். காலை பஸ்ஸில் பிள்ளைகள் ஃபுட்போர்டு வரை தொங்குவார்கள். பாலம் ஏறியதும் ஆற்றுக் காற்று உள்ளே வரும், அதுவரை இருந்த வியர்வை நாற்றம் போய்விடும். தைப்பூச மண்டபத்துப் படித்துறையில் குளிக்கிறவர்கள், கல்லில் துணி அடிக்கிறவர்கள், ஆழமான கசத்துப் பக்கம் போகாதே என்று பையன்களை அதட்டுகிற பெரியவர்கள், இதெல்லாம் ஜன்னலில் ஓடும். நாலு பெண்கள் சேர்ந்து சிரித்துக்கொண்டே ஆற்றைக் கடந்து படிக்கப் போவது அன்றைக்கு எனக்குச் சாதாரண விஷயம். படகுக் காலத்தில் ஒரு பெண்ணைத் தினமும் அக்கரைக்கு அனுப்ப எந்த வீடு சம்மதித்திருக்கும்? பாளையங்கோட்டையில் எத்தனை நல்ல பள்ளிக்கூடம் இருந்தாலும் இக்கரைப் பெண்ணுக்கு அது எட்டாத தூரமாகவே இருந்திருக்கும்.

அப்புறம், பாலம் எல்லா வெள்ளத்தையும் சும்மா தாங்கிவிட்டது என்று நினைக்காதே. 1869-ல் வந்த வெள்ளம் அதன் ஒரு பகுதியை உடைத்தது. 1871-ல் சரி செய்தார்கள். போக்குவரத்துக்குப் போதவில்லை என்று 1960களின் கடைசியில் அகலப்படுத்தினார்கள். அப்போதும் பழைய வளைவுகளை இடிக்காமல் விட்டார்களே, அந்த முடிவை எடுத்த இன்ஜினீயர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். இப்போது பக்கத்தில் புதுப்பாலமும் வந்துவிட்டது.

2023 டிசம்பர் வெள்ளம் நீ அங்கே போனபிறகு வந்தது. செய்தியில் பார்த்துவிட்டு நடுராத்திரி போன் போட்டாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிப்போனது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் நின்றது, கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயும் ஆறு வந்துவிட்டது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது. மாடியில் நின்று அப்பா கேட்ட முதல் கேள்வி "பாலம் என்னாச்சு?" என்பதுதான். நம் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். தண்ணீர் வடிந்ததும் ஊரே பாலத்துக்குப் போய்ப் பார்த்தது. அமலைச் செடியும் மரமும் வளைவுகளில் சிக்கிக் கிடந்தன. அடியில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாலம் நின்றது.

இனி சொல்லப்போவதை உன்னிடம் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. சின்னப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்று விட்டது, அப்படியே தள்ளிப்போய்விட்டது. 1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஓர் ஊர்வலம். கூலியை உயர்த்த வேண்டும், சிறையில் இருக்கிற தொழிலாளர்களை விட வேண்டும் என்று கலெக்டரிடம் மனு கொடுக்க வந்தார்கள். கலெக்டர் அலுவலகம் பாலத்தை ஒட்டி, ஆற்றங்கரையில்தானே இருக்கிறது. அங்கே போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க வழியில்லாமல் ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். பதினேழு பேர் இறந்தார்கள். அதில் பெண்கள் இருந்தார்கள். இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தையும் இருந்தது. உனக்கும் அப்போது கிட்டத்தட்ட அதே வயது. அன்று சாயங்காலம் உன்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு மதினி வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஜூலை 23-ம் தேதியும் அந்த இடத்தில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். நாம் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்து, "யாருக்கும்மா பூ போடுறாங்க?" என்று நீ கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்கான பதில் இது. பாலத்தின் கதையைச் சொல்கிறவர்கள் தாம்ஸன், ஹார்ஸ்லியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தப் பதினேழு பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். நீயும் யாரிடமாவது நம் பாலத்தைப் பற்றிப் பேசினால் இதை விடாதே.

இப்போது உன் பாலத்துக்கு வருகிறேன். நீ நடக்கிற வாட்டர்லூ பாலம் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது கட்டியது. 1942-ல் ஒரு பகுதி திறந்தார்கள், 1945-ல் முழுதாக முடிந்தது. ஆண்கள் பலர் போருக்குப் போய்விட்டதால் பெண்கள் நிறைய பேர் கட்டட வேலைக்கு வந்தார்கள். மேலே குண்டு விழுகிற ஊரில், அவர்கள் கல்லிலும் கான்கிரீட்டிலும் வேலை பார்த்தார்கள். தேம்ஸில் படகு ஓட்டுகிறவர்கள் அதைப் 'பெண்கள் பாலம்' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் திறப்பு விழாவில் பேசிய அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன், பாலத்தைக் கட்டிய ஆண்கள் பாக்கியசாலிகள் என்று சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பல வருஷம் கழித்து, பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்துத்தான் அவர்கள் அங்கே வேலை பார்த்ததை ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ஆச்சி ஞாபகம்தான். லண்டனிலும் ஒருத்தி இப்படிப் பேசிக்கொண்டே இருந்திருந்தால் இவ்வளவு தேட வேண்டியிருந்திருக்காது.

சரி, சங்கிலி விஷயம். நீ அங்கே படிக்கப் போனபோது அடகு வைத்த சங்கிலியையும் வளையலையும் முதல் சம்பளத்திலேயே மீட்டுத் தருகிறேன் என்கிறாய். அம்மா கழுத்து காலியாக இருப்பதைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது என்று அழுதாய். எனக்குக் கஷ்டமாக இல்லை, செல்லம். அதை நான் முழு மனசோடு கழற்றினேன். ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால் நாலு பேர் கேட்கத்தான் செய்கிறார்கள். "பிள்ளை லண்டனில் இன்ஜினீயர், அதற்குப் போட்டிருக்கிறேன்" என்று தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன். வட்டியை அப்பா பென்ஷனில் கட்டிவருகிறார். அதனால் அவசரம் இல்லை. முதலில் வீட்டு அட்வான்ஸைக் கட்டு, குளிருக்கு நல்ல கோட்டும் ஷூவும் வாங்கு. போன மாதம் கண்ணில் தெரிந்த கருவளையம் எனக்குப் பிடிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பாலத்தில் வேலை பார்த்த பெண்களின் பெயர்கள் எங்கேயாவது கிடைக்கிறதா என்று அங்கே நூலகத்தில் விசாரித்துப் பார். ரெண்டு பெயர் கிடைத்தாலும் எழுதி அனுப்பு. நம் தெருப் பிள்ளைகள் சாயங்காலம் என்னிடம் படிக்க வருகிறார்கள், அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தைப்பூசத்துக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். நெல்லையப்பர் தீர்த்தவாரிக்கு மண்டபத்துக்கு வருவார், அத்தையும் வருகிறாளாம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லு. ஜங்ஷனுக்கு வண்டி பிடித்து வர அவருக்கு இப்போதே அவசரம்.

அன்புடன்,
அம்மா