ஆறு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, மறுபடியும் காலையில் ஆற்றங்கரைக்கு நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் மேற்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற கையோடு பழைய நுண்ணோக்கியை வெளியே எடுத்துவிட்டேன். ஆகவே உன் கேள்விக்குச் சுருக்கமான பதிலை எதிர்பார்க்காதே.

சில மாதங்களுக்கு முன் பழுப்பாக இருந்த கற்களில் இப்போது பச்சை நூல் தொங்குகிறது, ஆறு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தாய். கெட்டும் இருக்கலாம். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கடைசி வெள்ளம் எப்போது வந்தது, அதன்பின் நீர் தெளிந்து எத்தனை வாரம் வெயில் அடித்தது என்ற இரண்டும் தெரியாமல் ஆற்றுப் பாசியைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் நீ பார்த்த பழுப்பு. காலை வைத்தால் வழுக்குகிற அந்தப் படலம் பெரும்பாலும் டயட்டம்களால் ஆனது. சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசிகள் அவை. பச்சையம் அவற்றிலும் உண்டு, ஆனால் ஃபியூகோசாந்தின் என்ற நிறமி மேலோங்கிப் பொன்பழுப்பாகக் காட்டுகிறது. வெள்ளம் கற்களைப் புரட்டித் தேய்த்துவிட்டுப் போனதும் முதலில் குடியேறுபவை இவைதான். அக்னாந்திடியம் போன்ற மிகச் சிறியவை கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். காம்ஃபோனீமா, சிம்பெல்லா போன்றவை பசைக்காம்பை நீட்டி, வெளிச்சத்தைத் தேடி அவற்றுக்கு மேலே எழும். நீரோட்டம் அடங்கியே இருந்தால் அடுத்து நீண்ட இழைப்பாசிகள் தலையெடுக்கும். மறு வெள்ளம் உயரமாக வளர்ந்தவற்றைத்தான் முதலில் பிய்த்துக்கொண்டு போகும், ஒட்டிக் கிடப்பவை பல தப்பிவிடும். பழகிய கண்ணுக்கு, ஒரு கல்லைச் சுரண்டிப் பார்த்தாலே வெள்ளம் போய் எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஓரளவு தெரிந்துவிடும்.

வெப்பத்துக்கும் பங்கு உண்டு. டயட்டம்களுக்கு 5 முதல் 20 டிகிரி செல்சியஸ், பச்சைப்பாசிகளுக்கு 15 முதல் 30, நீலப்பச்சைப் பாசிகளுக்கு 30க்கும் மேல் என்று ஒரு பொதுக் கணக்குச் சொல்வார்கள். வெளிச்சமும் சத்தும் மாறினால் அந்தக் கணக்கும் மாறும். மரங்கள் கவிந்த ஓடையில், கிளைகள் மொட்டையாக நிற்கும் குளிர்ந்த நாட்களிலேயே பாசி செழித்து, இலை துளிர்த்து நிழல் விழுந்ததும் அடங்கிவிடுவது உண்டு. மழைக்காலத்திலோ நைட்ரஜனும் பாஸ்பரஸும் வயல்களிலிருந்து வந்து சேரும், ஆனால் கலங்கல் நீரில் வெளிச்சம் அடிவரை இறங்காது. நீர் தெளிந்த பிறகுதான் பாசிக்கு இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன. நீ பார்த்த பச்சையும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது வட கலிபோர்னியாவின் ஈல் ஆற்றில் சூழலியலாளர் மேரி பவர் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்த ஆய்வு. அங்கே குளிர்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி. வெள்ளம் பாசியை அடித்துப் போவதால் அடுத்த கோடையில் பாசி குறைவாகத்தானே இருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. சிறு கற்களைக் கோத்துக் கூடு கட்டிக்கொண்டு பாசியை மேயும் காடிஸ் ஈப் புழுக்கள் அந்த ஆற்றில் ஏராளம். புரண்டு வரும் பாறைகள் அவற்றை நசுக்கிவிடுகின்றன. மேய்வோர் குறைந்துபோன ஆற்றில் கிளாடோஃபோரா என்ற பச்சை இழைப்பாசி கோடையில் மீட்டர் கணக்கில் நீள்கிறது. வெள்ளமே வராத ஆண்டில் புழுக்கள் பிழைத்துக்கொள்வதால் பாசி தலைதூக்க முடிவதில்லை. பாசியை அழித்த வெள்ளமே பாசிக்கு வழி விட்டிருக்கிறது! இதைத் தெரிந்துகொண்ட பிறகு, எந்த ஆற்றைப் பார்த்தாலும் முந்தைய பருவத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறேன்.

அந்தக் கிளாடோஃபோராவும் ஒரே நிறத்தில் நிற்பதில்லை. இளசாக இருக்கும்போது நல்ல பச்சை. நாளாக ஆகக் காக்கோனீஸ் என்ற தட்டையான டயட்டம் இழை முழுவதும் அப்பிக்கொள்ள, மஞ்சளாகிறது. கோடை முதிரும்போது எபிதீமியா என்ற இன்னொரு டயட்டம் மண்டித் துருநிறமாக்குகிறது. எபிதீமியாவின் செல்லுக்குள்ளேயே, காற்றிலிருந்து வந்து நீரில் கரைந்த நைட்ரஜனைச் சத்தாக மாற்றும் நுண்ணுயிர் தங்கியிருக்கிறது. அதனால் நீரில் நைட்ரஜன் சத்து தீர்ந்துவரும் காலத்திலும் அது தழைக்கிறது. துருநிறமான இழையைப் பார்த்து அழுகிவிட்டது என்றுதான் நினைப்போம், ஆனால் பூச்சிகளுக்கு நல்ல தீனி அதில்தான் இருக்கிறது.

நீ கவலைப்பட வேண்டிய நேரமும் உண்டு. ஓட்டம் நின்று மடுக்கள் சூடேறும்போது கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ மெத்தை மெத்தையாகப் படர்ந்து, வாயுக்குமிழ்கள் சேர்ந்ததும் பிய்ந்து மிதப்பவற்றை வெறுங்கையால் தொடாதே, நாயையும் ஆடுமாடுகளையும் அருகில் விடாதே. நீலப்பச்சைப் பாசிகளில் சில நஞ்சு சுரப்பவை. பாசி அளவுக்கு மீறி மண்டிய நீரில் இரவெல்லாம் ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே வந்து, விடியலுக்குச் சற்று முன் மிகவும் தாழ்ந்துவிடும். மீன்கள் செத்து மிதப்பதைக் காலையில் பார்க்க நேர்வது இதனால்தான்.

மாசைக் கண்டறியப் பாசியே உதவும் என்று நிறுவியவர்களில் அமெரிக்க அறிவியலாளர் ரூத் பேட்ரிக் முக்கியமானவர். 1948இல் அமெரிக்காவின் கோனஸ்டோகா ஆற்றுப் படுகையில் பெரிய ஆய்வை நடத்தி, ஒரே ஓர் இனத்தை வைத்து முடிவு கட்டாமல் அங்கு வாழும் இனங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று காட்டினார். நலமான ஆற்றில் டயட்டம் இனங்கள் பல இருக்கும், ஒவ்வொன்றும் அளவாக இருக்கும். மாசுபட்ட ஆற்றில் ஓரிரு இனங்கள் மட்டும் பெருகிவிடும். ஆனால் வெள்ளம் வடிந்த மறுவாரம் எடுத்த மாதிரியிலும் இனங்கள் குறைவாகத்தான் இருக்கும். இதைக் கணக்கில் கொள்ளாமல் ஆண்டுக்கு ஒரே முறை போய் மாதிரி எடுத்து, ஆறு இப்படி என்று அறிக்கை எழுதுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

அதனால் உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். கணுக்கால் அளவு நீர் சலசலத்து ஓடும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, மாதம் ஒருமுறை அங்கிருந்தே சில கற்களை எடுத்துப் பழைய பல் துலக்கியால் சுரண்டிச் சிறு புட்டியில் சேர்த்து வை. புட்டியில் உள்ள நீர் இளந்தேநீர் நிறமாகும்வரை மாதிரி கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசலைச் சொட்டு சொட்டாக விடு. அயோடின் விட்டால் நிறம் போய்விடும், எனவே சுரண்டும்போதே நிறத்தைக் குறித்துக்கொள். தேதி, நீரின் வெப்பம், கடைசி வெள்ளம் வந்த நாள் மூன்றையும் புட்டியிலேயே எழுதி ஒட்டு. நுண்ணோக்கி வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் புட்டியை இந்த மாதமே அனுப்பிவிடு, அடுத்த மழைக்கு முன் ஒரு மாதிரி நம் கையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
சேது