சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கி, டிப்ஸும் கேட்கலாமா? அழகு சிகிச்சை மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

சருமம், கூந்தல், பல் என்று அழகு சார்ந்த மருத்துவ மையங்களை நடத்தும் மருத்துவர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ரிசப்ஷனில் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் பெரும்பாலும் உள்ளறையில் இருப்பதால் அதைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

சிகிச்சை முடிந்து ஒருவர் வெளியே வருகிறார். மரத்துப்போகத் தடவிய களிம்பின் வேலை இன்னும் தீரவில்லை. உதடு தன்னுடையது இல்லை என்பது போல் இருக்கிறது, பேசினால் வாய் குழறுகிறது. ஊசி ஏறிய இடங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். ரிசப்ஷனில் இருப்பவர் சிரித்துக்கொண்டே கார்டு மெஷினை அவர் பக்கம் திருப்புகிறார். திரையில் மூன்று கட்டங்கள்: 15, 18, 20 சதவீதம். 'வேண்டாம்' என்பது அடியில், பொடி எழுத்தில். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஊசி போட்டவரே இரண்டடி தள்ளி நின்று அடுத்தவருடைய கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் எதை அழுத்த வேண்டும்? கொடுத்தால், ஒரு மருத்துவரிடம் போய் இப்படிச் செய்துவிட்டோமே என்ற கூச்சம். கொடுக்காவிட்டால், அடுத்த முறை அதே கையில்தான் முகத்தைக் கொடுக்க வேண்டும் என்ற பயம். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் யாரிடம் கேட்பது? "இங்கே டிப்ஸ் கொடுக்கணுமா?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் எந்தப் பதிலைச் சொன்னாலும் இருவருக்குமே தர்மசங்கடம்தான்.

நான் கேட்பது இதுதான். மருத்துவம் நடக்கும் பக்கத்தில் டிப்ஸ் கிடையாது என்று நீங்களே முடிவெடுங்கள், அதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். அந்த முடிவை வருகிறவர் தலையில் கட்டாதீர்கள்.

இந்தக் குழப்பம் வந்ததற்குக் காரணம் வருகிறவர்கள் அல்ல. பல் பிடுங்கிக்கொண்டு வந்த யாரும் டிப்ஸ் எவ்வளவு என்று யோசிப்பதில்லை. முடி வெட்டிக்கொண்டவரும் அதிகம் யோசிப்பதில்லை, பழக்கப்படி கொடுத்துவிட்டுப் போகிறார். உங்கள் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மெல்லிய இசை, வாசனை மெழுகுவத்தி, போர்த்திக்கொள்ளப் பஞ்சு போன்ற அங்கி, மூலிகைத் தேநீர் என்று அழகு நிலையத்தின் தோரணை முழுவதும் இருக்கிறது. அதே அறையில்தான் லேசர் கருவியும் இருக்கிறது. காலையில் ஒருவருக்கு ஃபேஷியல் செய்தவரே மாலையில் இன்னொருவருக்கு அமிலம் தடவித் தோலை உரிக்கிறார். மேலே போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டும் அதேதான். இதில் எது சேவை, எது சிகிச்சை என்று பில் கட்டுகிறவர் எப்படிப் பிரிப்பார்?

எனக்குத் தெரிந்து இதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. எந்த வேலைக்கு முன்னால் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறீர்களோ, அந்த வேலைக்குப் பின்னால் டிப்ஸ் கூடாது. தழும்பு விழலாம், நிறம் மாறலாம், ஒவ்வாமை வரலாம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே என் முதலெழுத்தைக் கேட்கிறீர்கள் என்றால் அது மருத்துவம். மருத்துவத்துக்குக் கட்டணம் உண்டு, அதோடு கணக்கு முடிந்தது. படிவம் இல்லாமல் செய்கிற ஃபேஷியல், புருவம் திருத்துவது, மசாஜ் போன்றவற்றில் டிப்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் போடாக்ஸ் ஊசியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்தை 1989-ல் முதலில் அனுமதித்தது மாறுகண்ணுக்கும் இமைகள் இழுத்து மூடிக்கொள்ளும் நோய்க்கும்தான். புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கு அனுமதி கிடைத்தது 2002-ல். கண் மருத்துவரிடம் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வருபவர் பர்ஸைத் திறந்து டிப்ஸ் தேடுவதில்லை. மருந்து அதே, தசையும் ஏறக்குறைய அதே அக்கம்பக்கம். முகச் சுருக்கத்துக்காக என்றதும் மட்டும் டிப்ஸ் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

இன்னொன்று, டிப்ஸ் என்பது வேலை பிடித்திருந்தால் கொடுப்பது. முடி வெட்டியவர் பின்னால் கண்ணாடியைக் காட்டுகிறார், பார்க்கிறோம், பிடித்தால் கொடுக்கிறோம். போடாக்ஸ் வேலை செய்யத் தொடங்கவே சில நாள் ஆகும், முழுப் பலன் தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம். அமிலம் தடவிய தோல் உரிவதற்கும் நாளாகும். லேசரில் முடி நீக்குவதானால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் வர வேண்டும். முதல் நாளே மெஷினை நீட்டி 20 சதவீதம் கேட்டால், நான் எதைப் பார்த்துக் கொடுப்பது? சிவந்து வீங்கிய முகத்தைப் பார்த்தா? இரண்டு வாரம் கழித்து ஒரு புருவம் மட்டும் மேலே ஏறி நின்றால், அதைச் சரிசெய்ய வரும் நாளிலும் அதே திரை நிற்கும். மொத்தமாக முன்பணம் கட்டியவருக்கு அன்றைய பில் பூஜ்யம், பூஜ்யத்துக்கு எத்தனை சதவீதம் என்று அவர் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

சதவீதக் கணக்கு இங்கே சங்கடத்தோடு நிற்பதில்லை, ஆபத்தாகவே முடியலாம். ஊசிச் சிகிச்சைகளில் உங்கள் பில் பெரும்பாலும் மருந்தின் அளவை வைத்தே ஏறுகிறது. போடாக்ஸை யூனிட் கணக்கில் போடுகிறீர்கள், உதட்டையும் கன்னத்தையும் எடுப்பாக்க ஊசியால் நிரப்பும் ஃபில்லரை மில்லிலிட்டர் கணக்கில். புருவ நடுவுக்கு மருந்துத் தாளே சொல்லும் அளவு ஐந்து இடங்களில் நான்கு நான்காக 20 யூனிட். 30 யூனிட் போட்டால் பில் ஏறும், பில் ஏறினால் டிப்ஸும் தானாக ஏறும். உங்கள் ஊழியர் அப்படிச் செய்வார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "உதட்டுக்கு இன்னும் அரை சிரிஞ்ச் போட்டால் நன்றாக இருக்கும்" என்று அவர் சொல்லும்போது, அதை மருத்துவ ஆலோசனையாக மட்டுமே கேட்கும் உரிமை எனக்கு வேண்டும். அந்த அரை சிரிஞ்சில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கமிஷன் கொடுக்கும் மையங்களிலும் இதே கதைதான், அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சைகளில் இது வேடிக்கையாகவே ஆகிவிடுகிறது. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டாதீர்கள், முக்கியமான முடிவு எதுவும் எடுக்காதீர்கள், பத்திரங்களில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம். அந்தத் தாளைக் கொடுத்த கையோடு கார்டு மெஷினையும் நீட்டினால் எப்படி?

இதுவரை சொன்னதை எல்லாம் விட்டுவிட்டாலும், ஒன்றை மட்டும் நீங்கள் யோசித்தே ஆக வேண்டும்.

கன்னத்துக்கோ உதட்டுக்கோ ஃபில்லர் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர் டிப்ஸ் கொடுக்கவில்லை. 'வேண்டாம்' அழுத்தியபோது ரிசப்ஷனில் இருந்தவர் முகம் லேசாகச் சுருங்கியதைக் கவனித்திருக்கிறார், அல்லது சுருங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இரவு பத்து மணிக்குக் கண்ணாடியில் பார்க்கிறார். உதட்டோரத்தில் ஒரு இடம் வெளிறி இருக்கிறது. சுற்றிலும் வலை பின்னியது போல் ஊதா நிறம், வலி ஏறிக்கொண்டே போகிறது. இது ஃபில்லர் ரத்தக் குழாயை அடைத்துவிட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹயலூரோனிக் அமில ஃபில்லர் என்றால் அதைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற நொதி ஊசி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், தாமதித்தால் அந்த இடத்துத் தோலே செத்துப்போகலாம். அந்த நேரத்தில் அவர் யோசிக்காமல் போனை எடுக்க வேண்டும். "டிப்ஸ்கூடக் கொடுக்காமல் வந்தோம், இந்த நேரத்தில் கூப்பிட்டால் என்ன நினைப்பார்களோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் அவருக்கு ஒரு நொடிகூட வரக் கூடாது.

நிறையக் கொடுத்தவருக்கும் இதே சிக்கல்தான், வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் தாராளமாகக் கொடுத்து, ஊழியரோடு நட்பாகிவிட்டவர், தனக்கு ஒரு பிழை நேர்ந்தால் புகார் எழுதத் தயங்குவார். இப்படி வராமல் போகும் புகாரால் நஷ்டம் உங்களுக்கும்தான்.

இதற்கு உங்கள் தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. மருத்துவருக்குக் கட்டணம் போகிறது, மற்றவர்களுக்கு? முடி நடும் சிகிச்சையில் டெக்னீஷியன்கள் மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து, லென்ஸ் வழியாகப் பார்த்துப் பார்த்து வேர்களைப் பிரித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக நடுகிறார்கள். ஒரே நாளில் 2000 வேர்கள் வரைகூடப் போகும். கழுத்து பிடித்துக்கொள்ளும், கண் எரியும். படுத்திருப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதும் அலுப்புத் தெரியாமல் பேச்சுக் கொடுப்பதும் அவர்களேதான். அவர்களுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றினால் அது நல்ல மனசு. ஆனால் அவர்கள் உழைப்புக்குத் தகுந்த கூலியைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். கட்டணத்தை உயர்த்த வேண்டுமானால் உயர்த்துங்கள், முன்கூட்டியே சொல்லுங்கள், கட்ட முடிந்தவர் வருவார். சம்பளத்தில் விழுந்த ஓட்டையை எங்கள் கூச்சத்தை வைத்து அடைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மருத்துவ உலகம் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைகள், நோயாளி தரும் பரிசு அவருக்குக் கொடுக்கும் சிகிச்சையை மாற்றிவிடக் கூடாது என்றும், அளவுக்கு மீறியதை ஏற்கக் கூடாது என்றும் சொல்கின்றன. பிரிட்டனில் செவிலியர்களுக்கான நடத்தை விதி இன்னும் கறார். மிக அற்பமான பரிசைத் தவிர மற்றதையெல்லாம் மறுத்துவிட வேண்டும், ஏனென்றால் வாங்கினால் தனிச் சலுகைக்கான முயற்சியாகப் பார்க்கப்படும் என்கிறது. ஹங்கேரியில் மருத்துவருக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பது தலைமுறைகளாக ஊறிப்போன வழக்கம். 2021 ஜனவரி 1 முதல் அது குற்றம். மருத்துவர் சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தும் சட்டத்தோடு சேர்த்துத்தான் அந்தத் தடையும் வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். ஊழியர் வயிற்றுக்கு வழி செய்யாமல் டிப்ஸை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை நான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் அந்தத் திரையை எடுத்துவிடுங்கள். கார்டு மெஷினில் டிப்ஸ் கேட்கும் வசதியை அணைத்து வைக்க முடியும், அது அமைப்பில் ஒரு தேர்வு, அவ்வளவுதான். ஃபேஷியலுக்கும் மசாஜுக்கும் அது வேண்டுமென்றால் அந்தப் பகுதிக்குத் தனி பில், தனி மெஷின் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2024 அக்டோபர் 1 முதல் வசூலாகும் டிப்ஸ் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் நீங்களாகவே செய்யலாம்.

அப்புறம், விலைப்பட்டியலின் அடியிலும், முன்பதிவுக்கு அனுப்பும் செய்தியிலும் ஒரு வரி: "மருத்துவச் சிகிச்சைகளுக்கு டிப்ஸ் பெறுவதில்லை." 'கட்டாயமில்லை' என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் படித்தவர் உடனே, அப்படியானால் மற்றவர்கள் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்.

யாராவது மனம் நிறைந்து நோட்டை நீட்டினால் ரிசப்ஷனில் இருப்பவர் திணறாமல் சொல்ல ஒரு வாக்கியம் பழக்கி வையுங்கள். "இங்கே வாங்குவதில்லைங்க, அவர் பெயரைப் போட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தீர்கள் என்றால் அவருக்கே போய்ச் சேரும்." எழுதிக் கொடுத்த தாள் நிஜமாகவே அவருக்குப் போய்ச் சேரட்டும், சம்பள உயர்வு பேசும் நாளில் அது மேசையில் இருக்கட்டும். சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகு யாராவது ஒரு டப்பா இனிப்பு கொண்டுவந்தால் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுங்கள், அதைப் போய் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அறிவுரைத் தாளில் இரவு நேரத்துக்கான தொலைபேசி எண் இருக்கும். அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பக்கத்திலேயே, "எந்த நேரமானாலும் தயங்காமல் கூப்பிடுங்கள், இதற்குத் தனிக் கட்டணம் இல்லை" என்றும் அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மையங்களுக்கு வந்துபோகும் ஒருவர்