படிவம் 7 கொடுத்தவரும் நேரில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அடுத்தவர் பெயரை நீக்கச் சொல்லும் படிவம் 7 பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

பட்டியலில் பெயர் உள்ள யாரும் அதே தொகுதியைச் சேர்ந்த இன்னொருவரை ‘இறந்துவிட்டார்’, ‘குடிபெயர்ந்துவிட்டார்’ என்று எழுதிக் கொடுக்கலாம். சரி, அந்த வழி தேவைதான். இறந்தவர் பெயர் பட்டியலிலேயே கிடந்தால் கள்ள ஓட்டுக்குத்தான் வசதி. பொய்யாக எழுதினால் ஓராண்டு வரை சிறை என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. அதற்கு யாராவது பயந்தார்களா?

கர்நாடகத்தின் ஆலந்த் தொகுதியில் 2023 தேர்தலுக்கு முன் ஆன்லைனில் 6,018 நீக்கல் விண்ணப்பங்கள் வந்தன. சரிபார்த்தபோது அவற்றில் 24 மட்டுமே உண்மை. சந்தேகப்பட்டு விசாரித்ததால் மற்றவர்களின் ஓட்டு தப்பியது.

எனக்கு உறுத்துவது நோட்டீஸ் விஷயம். ‘இந்த வீட்டில் இல்லை’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், விளக்கம் கேட்கும் நோட்டீஸும் அதே வீட்டுக்குத்தான் போகிறது. கதவில் ஒட்டினாலே போதும் என்கிறது விதி. திருப்பூரில் வேலைக்குப் போனவரும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண்ணும் அதை எப்போது பார்ப்பார்கள்? ‘இறந்துவிட்டார்’ என்றால் இன்னும் மோசம். சட்டத்தின் 22ஆம் பிரிவு, குடிபெயர்ந்தவர், தகுதியில்லாதவர் என்ற காரணங்களுக்குத்தான் விசாரணை வாய்ப்பைக் கட்டாயமாக்குகிறது. (இறந்தவரை எப்படி விசாரிப்பது என்று விட்டுவிட்டார்கள் போல!) பீகாரில் 2025இல் பட்டியல் திருத்தம் நடந்தபோது, இறந்தவர்களாகக் காட்டப்பட்ட இருவரை அரசியல் செயற்பாட்டாளர் யோகேந்திர யாதவ் உச்ச நீதிமன்றத்துக்கே அழைத்து வந்து நிறுத்தினார்.

பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர் ஒரு நாள் கூலியை விட்டு, ஆதாரும் ரேஷன் கார்டுமாக அலுவலகத்துக்கு ஓடுகிறார். எழுதிக் கொடுத்தவரை நேரில் வரச் சொல்வதோ, 1960ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளின்படி வாக்காளர் பதிவு அலுவலரின் விருப்பம். இதைக் கட்டாயமாக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் விசாரணைக்கு வராவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்துவிடலாம். அப்புறம், வாக்காளர் அட்டையோடு கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்களே, படிவம் 7 பதிவானதும் அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பட்டும். யார் கொடுத்தார், என்ன காரணம், விசாரணை என்றைக்கு என்பதெல்லாம் அதில் இருந்தால் போதும்.

வாசகர் ஒருவர்,
திருச்சி.