ஆண்டறிக்கை: மானும் பன்றியும் வராமல் பயிரைக் காக்கும் கருவிகள்

தலைவர் அவர்களுக்கும், பெரியோர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் விவசாயிகள் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. உரம், வாய்க்கால் தண்ணீர் முறை, கூலி என்று எதில் பேச்சைத் தொடங்கினாலும் கடைசியில் மானிலும் காட்டுப்பன்றியிலும்தான் வந்து நின்றது. நம்மை ஒட்டிய சத்தியமங்கலம் காடு 2008-ல் சரணாலயமாகி, 2013-ல் புலிகள் காப்பகமானது. புலிகள் இரட்டிப்பானதற்காக 2022-ல் டிஎக்ஸ்2 விருதும் வாங்கியது. அது நமக்கும் பெருமைதான். ஆனால் காட்டை ஒட்டிய மேட்டாங்காட்டில் மக்காச்சோளமும் கடலைக்காயும் குச்சிக்கிழங்கும் போட்டவனால் ராத்திரி தூங்க முடியவில்லை என்பதும் உண்மை. அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதி பயிர்க்காவல் கருவிகளைப் பற்றியே இருக்கும்.

துப்பாக்கி உரிமம் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். அவர்கள் படும் நஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை நாம் சுடவே முடியாது. காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறையிலும், காட்டெல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். நம் தோட்டங்களில் பாதிக்கு மேல் காட்டை ஒட்டியே இருக்கின்றன. சரி, அப்படியானால் நம் கையில் இருப்பது வேலியும் வெளிச்சமும்தான்.

சோலார் வேலியைப் பற்றி இரண்டு கூட்டங்கள் முழுக்கப் பேசினோம். வேலி போட்டும் பன்றி வருகிறது என்று ஒரு உறுப்பினர் வருத்தப்பட்டதால், எல்லோருமாக அவர் தோட்டத்துக்கே போனோம். பேனலிலும் பேட்டரியிலும் ஒரு குறையும் இல்லை. வேலிக்கு மின்துடிப்பை அனுப்பும் எனர்ஜைசர் பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் வோல்ட் மீட்டரை வேலிக் கம்பியில் வைத்தால் 2,000 வோல்ட்கூடக் காட்டவில்லை. வேலியைப் போட்டுக் கொடுத்தவர், காய்ந்து கிடந்த செம்மண்ணில் ஒரே ஒரு எர்த் கம்பியை அடித்துவிட்டுப் போயிருந்தார். விலங்கு கம்பியைத் தொடும்போது மின்சாரம் அதன் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, எர்த் வழியாக எனர்ஜைசருக்குத் திரும்பினால்தான் அடி விழும். மண் காய்ந்திருந்தால் பாதி வழியிலேயே வலு போய்விடும். தொட்டித் தண்ணீர் வழியும் ஈர இடத்தில் ஆறடிக் கம்பிகள் மூன்றைப் பத்தடி இடைவெளியில் இறக்கி இணைத்தோம். வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியையும் அறுத்தோம். மீட்டர் 5,000-த்தைத் தாண்டியது.

கம்பி உயரமும் முக்கியம். பன்றி மூக்கால் தரையை முட்டிக்கொண்டு வரும், அதனால் முதல் கம்பி தரையிலிருந்து முக்கால் அடிக்கு மேல் போகக் கூடாது. ஈரமான மூக்கில் பட்டால்தான் அதற்கு உறைக்கும். முதுகில் பட்டால் மயிரும் தோலும் தடுத்துவிடும். புள்ளிமான் தாண்டவும் செய்யும், அதைவிட அதிகமாகக் கம்பிகளுக்கு நடுவே நுழையும். எனவே கீழ்க் கம்பிகளை நெருக்கமாகவும் மேலே போகப் போக அகலமாகவும் கட்ட வேண்டும். யானை வேறு கணக்கு. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பது அதற்குத் தெரியும், தந்தத்தாலேயே வேலிக் கல்லைச் சாய்த்துவிடும். வேலி எல்லா விலங்கையும் தடுத்துவிடும் என்று நம்பி யாரும் தோட்டத்துச் சாளையில், அதாவது குடிசையில், அசந்து தூங்க வேண்டாம். அப்புறம், 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி காட்டோரத்தில் மின்வேலி போட வனத்துறை அனுமதி வேண்டும். பழைய வேலிகளையும் பதிய வேண்டும். பதியாதவர்கள் இந்த மாதத்திலேயே செய்துவிடுங்கள், விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன்.

கிளுவை முள்மரத்தை நட்டு உயிர்வேலி வைத்திருக்கும் பெரியவர்கள் அதை வெட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) ஓரத்துக் கிளுவைக்கு உள்பக்கமாக இரண்டே கம்பி ஓட்டிய தோட்டங்களில் மான் நுழைவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

மான் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் காசைக் கொட்டுவதில் பயனில்லை. அதற்காகத்தான் சங்கப் பணத்தில் ஒரு பைனாகுலர் வாங்கினோம். கடையில் 10×25 மலிவாகக் கிடைத்தது, ஆனாலும் 8×42 தான் வேண்டும் என்று இளைஞர்கள் உறுதியாக நின்றார்கள். அவர்கள் சொன்னது சரி. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது எண் முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. மற்றதில் இரண்டரைதான். மான் மேய வருவதே வெளிச்சம் மங்கும் நேரத்தில், அப்போது உருப்பெருக்கத்தைவிட இந்த அகலம்தான் கைகொடுக்கும். பரண் மேலிருந்து பார்க்கும்போது டார்ச்சுக்குச் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு மானின் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். விரட்டும்போது வெள்ளை வெளிச்சத்தை விட்டு விட்டு அடியுங்கள். காற்று உங்களிடமிருந்து மானை நோக்கி வீசினால் எந்தக் கருவியும் பலிக்காது, வாடை முதலில் போய்விடும்.

பழைய சேலை கட்டுவது, முட்டைக் கரைசல் தெளிப்பது, தகரம் தட்டுவது எல்லாம் சில நாளைக்குத்தான் தாங்கும். இடத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டே இருந்தால் ஓரளவு பயன்.

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்கு இழுப்பதும், அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி) வைப்பதும் கொலை. சோலார் வேலியின் அடி நொடிக்கு ஒரு முறை சட்டென்று வந்து போகும், தொட்டவன் கையை எடுத்துக்கொள்ளலாம். மின்வாரியக் கம்பி பிடித்தால் விடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் 3 பெண் யானைகள் செத்தன, குட்டிகள் இரண்டு தாயில்லாமல் நின்றன. அதே கம்பியில் விடியற்காலையில் மடை திருப்பப் போகும் நம் ஆளும் சாகலாம். இப்படி யார் செய்தாலும் சங்கம் அவர் பக்கம் நிற்காது என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறது.

பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்பவர்கள், மிதிபட்ட பயிரைச் சீர்படுத்தும் முன்பே குளம்புத்தடத்தோடு போட்டோ எடுத்து, அன்றைக்கே வனவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைச் சபை முன் வைக்கிறேன். ஒன்று, சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு வோல்ட் மீட்டர் வாங்கி, மாதம் ஒரு முறை எல்லா வேலிகளையும் சோதிப்பது. இன்னொன்று, அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் தனித்தனியாகப் போடாமல் காட்டோரம் முழுக்க ஒரே வேலியாகப் போட்டு, செலவை ஏக்கர் கணக்கில் பகிர்ந்துகொள்வது. உறுப்பினர்கள் விவாதித்து முடிவு சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்