மஞ்சள் கறையும் வெயிலும்: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவந்து நம்மைப் பயமுறுத்தும், அப்புறம் வெயிலில் காயப்போட்டால் தானாக வெளிறிவிடும், பார்த்திருப்பீர்கள். அதே சங்கதியை வைத்துத்தான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த மாதம் வீட்டில் படம் அச்சிடப் போகிறார்கள். கேமரா கிடையாது, இருட்டறையும் கிடையாது. தாவரச் சாயம் பூசிய தாளின் மேல் ஒரு இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்திக் கிளிப் போட்டு வெயிலில் விட்டால், வெளிச்சம் பட்ட இடம் வெளுக்கும், இலை மறைத்த இடத்தில் நிறம் நிற்கும். இதற்கு ஆந்தோடைப் என்று பெயர்.

மஞ்சளில் தொடங்கச் சொல்லியிருக்கிறோம், அதுதான் சீக்கிரம் பலன் தரும். நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் அதன் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட் வேண்டும். அந்த ஒரு வேலையை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று, அடுப்பு விளக்கு எதுவும் எரியாத இடத்தில், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கலக்கி, துணியில் வடிகட்டி, கொஞ்சம் தடிமனான தாளில் இரண்டு கை பூசி, வெளிச்சம் படாத இடத்தில் காயவிட்டால் போதும். பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள், தரையில் செய்தித்தாள் விரியுங்கள். கறை பற்றிப் பிறகு எனக்கு எழுதாதீர்கள்!

பசலைக்கீரைச் சாற்றுக்குப் பல நாட்கள் ஆகும், பீட்ரூட்டுக்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம். இங்கேதான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை தினமும் கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கத் துடிக்கும், நாமும் துடிப்போம். நான் வீட்டில் பீட்ரூட்டில் செய்து பார்த்தபோது நான்காம் நாள் பொறுக்க முடியாமல் கிளிப்பை எடுத்தேன், இலை நகர்ந்துவிட்டது, கடைசியில் ஒரே காம்புக்கு இரண்டு நிழல். பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பக்கக் கிளிப்பை மட்டும் கழற்றி ஓரத்தைத் தூக்கிப் பார்க்கலாம். அதைவிட நல்லது, தாளின் ஓரத்தில் ஒரு துண்டு அட்டையை ஒட்டிவைப்பது. அட்டைக்கு அடியிலும் வெளியிலும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால் வெளுப்பு எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துவிடும், இலையைத் தொடவே வேண்டாம்.

மஞ்சள் படம் முடிந்ததும் சோடா உப்புக் கரைத்த நீரை மேலே லேசாகத் தடவிப் பாருங்கள். மீதமிருக்கும் மஞ்சள் செம்பழுப்பாக மாறி இலை பளிச்சென்று எழும். ஏன் என்று கேட்டால் சோப்புக் கறையை நினைவுபடுத்துங்கள், விடையை நேராகச் சொல்லிவிடாதீர்கள்.

யார் இதைக் கண்டுபிடித்தது என்ற கேள்வியும் வரும். ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் பூச்சாறுகளில் செய்த சோதனைகளை 1842-இல் வெளியிட்டார். மேரி சோமர்வில் என்ற அறிவியல் எழுத்தாளர் அம்மையாரும் தாவரச் சாறுகளை ஆராய்ந்து ஹெர்ஷலுக்குக் கடிதம் எழுத, அதன் பகுதி 1846-இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததோ 1945-இல்தான். வகுப்பில் இதைப் பற்றி நிறையப் பேசுவோம்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். இந்தப் படத்தை நிலைநிறுத்த ரசாயனம் எதுவும் கிடையாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் வெளிச்சம் பட்டுப் பட்டு இலையும் போய்விடும். அதனால் பிள்ளை தன் படத்தைக் கனமான காகித உறைக்குள் வைத்தே பள்ளிக்குக் கொண்டுவரட்டும். அறையை இருட்டாக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடுவோம். மங்கலாகவோ கோணலாகவோ வந்தாலும் அப்படியே அனுப்புங்கள், நீங்கள் இன்னொன்று செய்து கொடுக்க வேண்டாம். பின்பக்கம் எந்தச் சாறு, எத்தனை நாள் என்று பிள்ளையே எழுதட்டும். வெயில் வராமல் மூடிக்கொண்டிருந்தால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தேதியைத் தள்ளிவைக்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்