மருதம்பட்டைய எடை போடுறதுக்கு முன்னாடி: கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

கீழமாசி வீதியிலயும் அதச் சுத்தியும் நாட்டு மருந்துக் கடை வச்சிருக்க அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

மூலிகை மருந்து இதயத்த எந்த அளவுக்குக் காப்பாத்தும்னு மதுரையில ஆராய்ச்சி பண்றவன் நான். முக்கியமா மருதம்பட்டை. உங்கள்ல பல பேரு கடையிலதான் பட்டை வாங்குறேன், குறை சொல்ல இத எழுதல, ஒரு உதவி கேட்டு எழுதுறேன்.

ஹார்ட்டுக்குனு யாராவது மருதம்பட்டை கேட்டு வந்தா, தராசுல போடுறதுக்கு முன்னாடி "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, அத விட்டுட்டீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவ்வளவுதான்.

ஏன் உங்ககிட்ட கேக்குறேன்னா, நாட்டு மருந்து எடுக்குறேன்னு டாக்டர்கிட்ட சொல்ல நம்ம சனங்களுக்குப் பயம், திட்டுவாருன்னு. உங்ககிட்ட அந்தப் பயம் கிடையாது. ஒருநாள் நான் பட்டைக்கு நின்னப்ப உசிலம்பட்டி பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், கையில ஸ்கேன் கவரோட, ஸ்டென்ட் வச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது, மாத்திரை வயித்த எரிக்குது அதான் விட்டுட்டேன், பட்டையக் காய்ச்சிக் குடிச்சுக்கிறேன்னு அவராவே சொல்றாரு. கடைக்காரரும் பொட்டலம் கட்டிட்டாரு, கூட கொஞ்சம் அதிமதுரமும். நான் குறுக்க புகுந்து, ஐயா ரத்தம் கட்டாம இருக்கக் குடுக்குற அந்த க்ளோபிடோக்ரல் மாத்திரைய சொல்லாம கொள்ளாம நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டிரும், வயிறு எரியுதுன்னா டாக்டர் அதுக்கு வேற வழி சொல்வாரு, இன்னைக்கே போய்ப் பாருங்கன்னேன். நல்ல மனுசன், கேட்டுக்கிட்டாரு. ஆனா தினமும் அங்க நிக்கிறது நான் இல்ல, நீங்கதான்.

மருதம்பட்டையில சரக்கே இல்லன்னு நான் சொல்ல வரல. லேப்ல எலிக்கு ஐசோபுரொட்டெரினால் ஊசி போட்டு இதயத் தசையக் காயப்படுத்துவோம், அதுக்கு முன்னாடியே பட்டைச் சாறு குடுத்து வச்சிருந்தா காயம் கம்மியா இருக்கு, காயம்பட்ட இதயத் தசையில இருந்து ரத்தத்துல கசியுற ட்ரோபோனின், சிகே-எம்பிங்கிற புரதங்க எல்லாம் குறையுது, பல லேப்ல பாத்த விசயம் இது. ஆனா ஒன்னக் கவனிக்கணும், எலிக்கு நாங்க காயம் வர்றதுக்கு முன்னாடியே மருந்து குடுத்துடுறோம், அதோட ரத்தக்குழாய்ல வருசக்கணக்கா சேந்த கொழுப்பும் கிடையாது. உங்க கடைக்கு வர்றவரு அடைப்பு வந்த பின்னாடி வர்றாரு. மனுசங்கள்ல பாத்தா 1995ல வந்த ஒரு ஆய்வுல, இதயம் ரொம்பப் பலவீனமான 12 பேருக்கு வழக்கமான மருந்தோட சேத்து 500 மில்லிகிராம் மூணு வேளை குடுத்தப்ப நல்லா தேறினாங்க. அப்புறம் டெல்லி எய்ம்ஸ்ல 100 பேர வச்சு 12 வாரம் பாத்து 2016ல வெளியிட்டப்ப, இதயம் பம்ப் பண்ற திறன் கூடல. ரெண்டுலயுமே யாரும் இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்தல, இதத்தான் நான் அழுத்திச் சொல்றேன்.

மூலிகைய மட்டமா நினைக்கிற ஆளு இல்லங்க நான். சர்ப்பகந்தா பிபியக் குறைக்குதுன்னு மும்பை டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949ல எழுதினதுக்கு அப்புறம்தான் உலகமே அந்த வேரத் திரும்பிப் பாத்துச்சு. வேலை செய்யுற மூலிகைன்னா தப்பா சேந்தா கெடுதலும் செய்யும். அந்த அதிமதுரத்தையே எடுத்துக்கங்க, தொடர்ந்து நிறைய சாப்பிட்டா உடம்புல பொட்டாசியம் இறங்கும், பிபி ஏறும், நீர் பிரியுற மாத்திரையும் டிஜாக்ஸின்ங்கிற இதய மாத்திரையும் எடுக்குறவருக்கு இதயத் துடிப்பே தாறுமாறா ஆயிரும். வால்வு மாத்தி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறவங்க கேட்டா டாக்டர்கிட்ட கேக்காம எதையும் குடுக்காதீங்க.

இன்னொன்னு பட்டை. நமக்கு வேண்டியது நீர்மருது, ஆத்தோரம் நிக்கிறது, மேல் பக்கம் வழுவழுன்னு சாம்பல் வெள்ளையா இருக்கும், உள்பக்கம் லேசா செவப்பு ஓடும். கருமருது பட்டை கருத்து, கட்டம் கட்டமா வெடிச்சு முதலைத் தோல் மாதிரி இருக்கும். மூட்டையில ரெண்டும் கலந்து வருது. துண்டா இருந்தா நீங்க கையில எடுத்ததும் சொல்லிருவீங்க, அந்த அனுபவம் எங்களுக்கு இல்ல, பொடியாக்கிட்டா யாராலயும் வெறுங்கண்ணால சொல்ல முடியாது. அதனால பொடிச்ச சரக்கு வாங்காதீங்க, துண்டா வாங்கி ஆள் முன்னாடி இடிச்சுக் குடுங்க. மரத்தச் சுத்தி வளையமா உரிச்ச பட்டை வந்தா வேணாம்னு திருப்பி அனுப்புங்க, அப்படி உரிச்சா மரமே செத்துரும், ஒரு பக்கமா மேல்பட்டைய மட்டும் எடுத்தா திரும்ப வளரும்.

நெஞ்சு அடைக்குது, வேர்க்குது, இடது கை இழுக்குதுன்னு யாராவது வந்து நின்னா கஷாயப் பேச்சே எடுக்க வேணாம், 108க்குப் போன் போடுங்க. கிராமத்துல இருந்து கேக்குறவங்களுக்கு, 2023ல வந்த இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல்ல 14 மாத்திரை குடுத்துட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்கன்னு சொல்லிவிடுங்க, நிறைய பேருக்கு இது தெரியல.

கடைசியா என் ஆராய்ச்சிக்காக ஒன்னு. புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி பட்டைய எடுத்து, எந்த ஊரு சரக்கு, என்னைக்கு வந்துச்சுன்னு சீட்டு எழுதி தனியா வைங்க. நானே வந்து வாங்கிக்கிறேன், எது நீர்மருது எது கலப்படம்னு லேப்ல பாத்து முடிவ உங்க கையிலயே தர்றேன்.